நாலாம் விரல்

வயலின்காரர்கள் கட்டைவிரலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆள்காட்டி விரல்தான் எங்களுக்கு ஒன்று. அப்படியே எண்ணிக்கொண்டு போனால் சுண்டுவிரல் நாலு. என் இடது கையின் நாலாம் விரல் முதன்முதலாக என் பேச்சைக் கேட்காமல் போனது திருப்பதியில், ஒரு பள்ளிக்கூட ஹாலில், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்த ஒத்திகையில்.

எதிரே இருபத்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஆர்கெஸ்ட்ரா. கல்யாணத்துக்குப் போய் சினிமாப் பாட்டு வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா இல்லை. வயலின், வயோலா, செல்லோ, இரண்டு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட் என்று மேற்கத்திய சாஸ்திரிய சங்கீதம் வாசிக்கிற கூட்டம். அதை நடத்துகிறவள் நான். அன்றைய உருப்படியில் தனி வயலினும் நான்தான். அப்படி இரண்டையும் ஒருவரே செய்யும்போது தாளம் காட்டுகிற கோலைக் கையில் பிடிக்க முடியாது. வயலினைத் தோளில் வைத்து வாசித்துக்கொண்டே, தலையாலும் கண்ணாலும் வில்லின் வீச்சாலும் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எனக்குப் பழகிய வேலைதான்.

முதல் பகுதியில் ஓர் இடம் வரும். மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, தனி வயலின் மட்டும் மேலே ஏறிப் போய் உச்சியில் ஒரு சுரத்தைப் பிடித்து நிற்கும். அந்தச் சுரம் நாலாம் விரலுக்கு உரியது. ஏறிப் போனேன். விரல் அங்கே இல்லை. உள்ளங்கைக்குள் சுருண்டு கிடந்தது.

"ஸாரி. ஒன்ஸ் மோர்" என்றேன்.

இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை விரலை மாற்றி, மூன்றாம் விரலை இழுத்துப் போட்டுச் சமாளித்துவிட்டேன். யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. சித்தூருக்குத் திரும்பும் பஸ்ஸில் இடது கையை மடியில் வைத்து விரலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். நன்றாகவே நீண்டது. நன்றாகவே மடங்கியது. பக்கத்தில் மலையிலிருந்து இறங்கி வந்த குடும்பம் ஒன்று, மொட்டைத் தலையில் சந்தனம் காய, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு வாரமாகச் சரியாகச் சாதகம் பண்ணவில்லை, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் பிறந்தது சித்தூரில். என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். கரண்ட் ஆபீசில் வேலை. சர்ச்சில் ஒரு கல்யாணத்துக்கு மெட்ராஸிலிருந்து வந்த இரண்டு பேர் வயலின் வாசித்ததைக் கேட்டுவிட்டு வந்து, ஒன்பது வயதில், அதுதான் வேண்டும் என்று மூன்று நாள் அழுதிருக்கிறேன். சங்கீதத்தில் ஒரு எழுத்துகூடத் தெரியாத நைனா, சனிக்கிழமை தோறும் என்னைக் காட்பாடிக்கு பஸ்ஸில் கூட்டிப் போய், அங்கிருந்து ரயிலில் மெட்ராஸுக்குக் கூட்டிப் போனார். பாடம் நடக்கிற வீட்டுக்கு வெளியே பேப்பர் படித்துக்கொண்டு நிற்பார். பிறகு நான் மெட்ராஸிலேயே தங்கிவிட்டேன். பரீட்சைகள் எழுதினேன். ரெக்கார்டிங் தியேட்டர்களில் நாற்பது வயலின்களில் ஒருத்தியாக உட்கார்ந்தேன். நாற்பது இருபதாகி, இருபது எட்டாகி, கடைசியில் கீபோர்டு ஒன்றே எல்லா வயலினும் ஆனபோது நான் அங்கேதான் இருந்தேன்.

நடத்துகிற வேலை எனக்குத் தற்செயலாக வந்தது. மெட்ராஸில் ஒரு கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடத்த வேண்டியவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். முதல் வயலின் நான். எல்லாருடைய பகுதியும் எனக்கு மனப்பாடம் என்று யாரோ சொல்ல, என்னைப் பிடித்து முன்னால் நிறுத்திவிட்டார்கள். கையைத் தூக்கினேன், இறக்கினேன். என் கையில் எந்த வாத்தியமும் இல்லை, ஆனால் அறை முழுக்கச் சத்தம் எழும்பியது. அன்றைக்கு ஏற்பட்ட நடுக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் இரண்டையும் செய்தேன். வாசிக்கிறவள், நடத்துகிறவள், இங்கிலீஷில் சொன்னால் கண்டக்டர். நைனா ஊரில் எல்லாரிடமும் "எம் பொண்ணு கண்டக்டரு" என்று சொல்லிவைக்க, எந்த டிப்போ என்று கேட்டிருக்கிறார்கள்.

அம்மா போன பிறகு நைனா தனியாக இருந்தார். அதனால் சித்தூருக்கு வந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு நாயுடுபேட்டையில் ஒரு ஃபேக்டரியில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கள் காலை போவார். சும்மா இருக்க முடியாமல்தான் ஆர்கெஸ்ட்ராவை ஆரம்பித்தேன். சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு வாசிக்கிற ஏழு பேர்தான் முதலில். பிறகு திருப்பதியில் சங்கீதக் காலேஜில் படித்தவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற சாப்ட்வேர்காரர்கள், ஒரு நர்ஸ், பல் டாக்டர் ஒருவர் என்று கூட்டம் சேர்ந்தது. அவர்களில் பாதிப் பேர் கர்நாடக சங்கீதக்காரர்கள். தரையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசித்துப் பழகியவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து வயலினைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னால் தோள் வலிக்கிறது என்றார்கள். ஒத்திகையில் எண்ணுவது இங்கிலீஷில், திட்டுவது தெலுங்கில், எனக்குள்ளே முணுமுணுப்பது தமிழில் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது.

அந்தக் கூட்டத்தில் முதல் வயலின் ஒரு கணக்கு டீச்சர். திருப்பதிக்காரர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், அரசுப் பள்ளியில் வேலை. நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். வீட்டில் தெலுங்குதான், ஆனால் எங்களோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. முதல் ஆறு மாதம் அவர் வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு பட்ட பாட்டைப் பார்க்க முடியாது. அவர்கள் முறையில் முதல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டே தந்தியின் மேல் வழுக்கி உலகத்தையே சுற்றி வந்துவிடுவார்கள். நாலாம் விரலுக்கு வேலை குறைவு. என் முறையில் நாலாம் விரல் இல்லாமல் ஒரு வரி நகராது. மேஜை மேல் அந்த ஒரு விரலை மட்டும் தூக்கித் தூக்கிப் போடுகிற பயிற்சியை அவருக்குக் கொடுத்தேன். ஸ்கூலில் பரீட்சை ஹாலில் சூப்பர்விஷன் பண்ணும்போதுகூட அதைச் செய்வாராம்.

என் விரலுக்கு வருகிறேன். சாதகம் போதவில்லை என்று நினைத்தேன், அதனால் அதிகப்படுத்தினேன். காலையில் ஒரு மணி நேரம் இரண்டானது, பிறகு மூன்று. எவ்வளவு அதிகம் வாசித்தேனோ அவ்வளவு மோசமாயிற்று. இரண்டு மாதத்தில், வயலினைத் தோளில் வைத்த கணமே, வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன்பே, விரல் உள்ளே சுருள ஆரம்பித்தது. வயலினைக் கீழே வைத்தால் சரியாகிவிடும். அந்தக் கையால் ஊசியில் நூல் கோக்க முடிந்தது. முருங்கைக்கீரை ஆய முடிந்தது. போனில் டைப் அடிக்க முடிந்தது. முப்பத்தைந்து வருஷமாக எதைச் செய்துகொண்டிருந்ததோ அதை மட்டும் செய்ய முடியவில்லை.

திருப்பதியில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எமுகலு பாகுன்னாயம்மா, எலும்பெல்லாம் நல்லா இருக்கு" என்றார். ஒரு மாத்திரையும் ஒரு தைலமும் கொடுத்தார். தைலத்தால் விரல் வழுக்கியதுதான் மிச்சம். பிறகு வேலூரில் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்த்தேன். சின்ன வயதுப் பெண். ஸ்கேன், மின்சாரம் விட்டுப் பார்க்கிற சோதனை எல்லாம் முடிந்ததும், "அடுத்த தடவை வயலினோட வாங்க" என்றார். கொண்டு போனேன். அவருடைய அறையில், வெளியே முப்பது பேர் காத்துக்கொண்டிருக்க, நின்று வாசித்தேன். பத்து விநாடி போதுமாக இருந்தது அவருக்கு.

"கையில ஒண்ணும் இல்ல. விரல்லயும் ஒண்ணும் இல்ல. மூளையில ஒவ்வொரு விரலுக்கும் ஒரு இடம் இருக்கு. வருஷக்கணக்கா ஒரே நுணுக்கமான வேலையைச் செய்யறவங்களுக்கு, சில பேருக்கு, அந்த இடங்கள் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோயிடும். மூணாவது விரலைக் கூப்பிட்டா நாலாவதும் சேர்ந்து வந்துடும்."

"எதனால டாக்டர்? தப்பா வாசிச்சுட்டனா?"

"இல்லம்மா. நல்லா வாசிச்சதாலதான்னு வெச்சுக்குங்களேன்."

சரியாகுமா என்று கேட்டேன். ஊசி ஒன்று இருக்கிறது, சிலருக்குக் கேட்கிறது என்றார். முகச் சுருக்கத்துக்குப் போடுவார்களே, அதே மருந்து. போட்டுக்கொண்டேன். இரண்டு வாரத்தில் விரல் சுருள்வது நின்றது. ஆனால் தந்தியை அழுத்துகிற பலமும் போய்விட்டது. தோய்த்த துணி மாதிரி தந்தி மேல் கிடந்தது. மூன்று மாதத்தில் மருந்தின் வேகம் இறங்கியதும் மறுபடி சுருண்டது, இந்த முறை மூன்றாம் விரலையும் சேர்த்துக்கொண்டு.

இதை யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் என்ன செய்வார், பாவம். மெஷின்களோடு வேலை பார்க்கிறவர். "எங்க எடத்துல ஒரு மெஷினு இப்படி ஆனா, ஒரு மாசம் ஆஃப் பண்ணி வெச்சிட்டு மறுபடி போடுவோம். நீயும் கொஞ்ச நாள் வாசிக்காம இரு" என்றார். அப்படியும் இருந்து பார்த்தேன். நைனாவிடம் சொல்லவில்லை. எண்பது வயது, இதய மாத்திரை போட்டுக்கொள்கிறவர். காலையில் என் அறையிலிருந்து சத்தம் வரவில்லை என்றால், "இன்னாம்மா, இன்னிக்கி வாசிக்கல?" என்று கேட்பார். அதற்காகவே கதவைச் சாத்திக்கொண்டு வெறும் தந்திகளில் வில்லை இழுத்துக்கொண்டிருப்பேன். அவருக்கு வித்தியாசம் தெரியாது என்று நினைத்தேன்.

கச்சேரி முன்பே அறிவித்தாகிவிட்டது. திருப்பதியில் நல்ல ஆடிட்டோரியம், நோட்டீசில் என் பெயர் இரண்டு இடத்தில். ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போனேன். பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே, "செய்யி எலா உந்தி மேடம்? கை எப்படி இருக்கு?" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு மாசமா தெரியும். நீங்க நாலாவது விரலை ஒதுக்கி ஒதுக்கி வாசிக்கிறீங்க. என்னை அந்த விரலுக்காக எவ்ளோ திட்டினீங்க? அதான் நான் அங்கியே பாத்துக்கினு இருந்தேன்."

தனி வயலினை அவர் வாசிக்க வேண்டும் என்று கேட்டேன். முடியவே முடியாது என்றார். கூட்டம் உங்களைக் கேட்க வருகிறது, நான் வெறும் ஸ்கூல் டீச்சர் என்றார். கச்சேரியைத் தள்ளிப்போடலாமே என்றார். எவ்வளவு நாளைக்குத் தள்ளிப்போடுவது என்று கேட்டேன். பேப்பர் கட்டை ஓரமாக வைத்தார். "சரே" என்றார் கடைசியில்.

அடுத்த ஐந்து வாரம்தான் என் வாழ்க்கையில் நான் மிகவும் கையாலாகாமல் இருந்த காலம். அவர் நன்றாகவே வாசித்தார். ஆனால் ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் போகும்போது, அவருக்குப் பழகிய குழைவு ஒன்று தானாக வந்து விழும். இந்த உருப்படியில் அது கூடாது. சுரம் சுத்தமாக, படி ஏறுகிற மாதிரி நிற்க வேண்டும். இத்தனை வருஷமும் இப்படி ஒரு சிக்கல் வந்தால் நான் வாயைத் திறந்ததே இல்லை. வயலினை எடுத்து, "இப்படி" என்று ஒரு வரி வாசிப்பேன். முடிந்தது. இப்போது வார்த்தையை வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டியிருந்தது. "வழுக்காதீங்க." "இன்னும் தட்டையா." "இல்ல, தட்டைன்னா உயிரில்லாம இல்ல." "கண்ணாடி மாதிரி." நான் சொல்லச் சொல்ல அவர் குழம்பிப் போனார். ஒரு நாள் வில்லை மடியில் போட்டுவிட்டு, "மேடம், மூணு விரலாலயாவது ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்களேன், ப்ளீஸ்" என்றார். வாங்கித் தோளில் வைத்தேன். இரண்டு விரல்களும் உள்ளே மடங்கின. மற்ற இருபத்தைந்து பேரும் தங்கள் நோட்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கச்சேரி அன்று நைனாவை என் வீட்டுக்காரர் காரில் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார். ஆடிட்டோரியம் முக்கால்வாசி நிறைந்திருந்தது. முதல் பகுதி நன்றாகப் போயிற்று. அந்த உச்சிச் சுரத்தை டீச்சர் நாலாம் விரலால் பிடித்து நிறுத்தினார். என்னைவிட நீளமாகவே நிறுத்தினார். இரண்டாம் பகுதி மெதுவானது. ஆர்கெஸ்ட்ரா அடியில் ஒரே சந்தத்தில் போய்க்கொண்டிருக்க, வயலின் மேலே தனியாகப் பேசும். அந்தப் பகுதிக்காகத்தான் இந்த உருப்படியையே தேர்ந்தெடுத்தேன். என் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்று அவர் அதை வாசித்தார். குழைவு எங்கேயும் இல்லை. நான் சொல்லத் தெரியாமல் சொன்னதை எல்லாம் அவர் எப்படியோ புரிந்துகொண்டிருந்தார்.

நான் கோலை அசைத்துக்கொண்டே, இவர் தப்பு விட வேண்டும் என்று நினைத்தேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நினைத்தது உண்மை. ஒரே ஒரு தப்பு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி.

அவர் தப்பு விட்டார். நான் நினைத்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று அறிவுக்குத் தெரியும். ஒரு பக்கம் வாசித்து முடித்து, அடுத்த வரி வர வேண்டிய இடத்தில் அவருடைய வில் நின்றுவிட்டது. மனப்பாடமாக வாசித்துக்கொண்டிருந்தவருக்கு எல்லாம் மறந்துபோனது. கண் என்னிடம் வந்தது. ஆர்கெஸ்ட்ரா அடியில் அதே சந்தத்தில் போய்க்கொண்டே இருந்தது; அதை நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. அவர் அந்த உருப்படி முழுவதையும் ச ரி க ம என்று எழுதி வைத்துத்தான் மனப்பாடம் செய்திருந்தார். அடுத்த வரியின் முதல் இரண்டு சுரத்தை நான் வாயால் சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார். என் வாயில் வரவில்லை. எனக்கு அந்த இடம் விரலில்தான் தெரியும். என் கையில் வயலின் இருந்திருந்தால், அது பழைய கையாக இருந்திருந்தால், கண் மூடித் திறப்பதற்குள் அவருக்காக எடுத்து வாசித்திருப்பேன். நான் கோலை அசைத்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அடியில் ஓடுகிற சந்தத்தின் மேல், அதே சுரங்களுக்குள், தனக்குத் தெரிந்த முறையில் சும்மா உலாவ ஆரம்பித்தார். குழைவு, வழுக்கல் எல்லாம் வந்தது. யாரும் எழுதாத ஒரு ஏழெட்டு விநாடி. பிறகு செல்லோவில் தனக்கு அடையாளம் தெரிந்த ஒரு திருப்பத்தைக் கேட்டு, அதைப் பிடித்துக்கொண்டு சரியான இடத்தில் வந்து சேர்ந்துவிட்டார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கச்சேரி முடிந்து என்னிடம் வந்தவர்களில் மூன்று பேர், அந்த இரண்டாம் பகுதியில் நம்முடைய ராகம் மாதிரி ஒன்று வந்ததே, அது அபாரம் என்றார்கள்.

மேடைக்குப் பின்னால் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "க்ஷமிஞ்சண்டி மேடம். உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டியது நான். வாய் வரை வந்தது. "இல்ல டீச்சர், பர்வாலேது" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

கார் சந்திரகிரியைத் தாண்டியது. நைனா பின்சீட்டிலிருந்து கேட்டார். "நீ இன்னாத்துக்கு வாசிக்கல?"

"இந்தத் தபா டீச்சர் வாசிக்கட்டும்னு உட்டுட்டேன் நைனா."

"ஓ" என்றார்.

நாலு மாதம் கழித்து நைனாவுக்கு மூச்சு முட்டல் அதிகமாகி, சித்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இதயம் களைத்துப் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போனாலும் சரி, இங்கேயே வைத்திருந்தாலும் சரி என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறாம் நாள் காலை கொஞ்சம் தெளிவாக இருந்தார். இட்லி பாதி தின்றார். அம்மாவுக்குப் பிடித்த கீர்த்தனை ஒன்று, சர்ச்சில் எல்லாரும் பாடுகிறதுதான், அதை வாசிக்கச் சொன்னார்.

"வயலினு வூட்ல இருக்குது நைனா."

"எடுத்துக்கினு வா. நான் எங்க போறேன்?"

எடுத்து வந்தேன். நர்ஸிடம் சொல்லிக் கதவைச் சாத்தினேன். அது குழந்தைகளுக்கு முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுக்கிற அளவு எளிய மெட்டு. கொஞ்சம் வளைத்தால் இரண்டு விரலிலும் வெறும் தந்தியிலுமே முடித்துவிடலாம் என்று ஆட்டோவில் வரும்போது கணக்குப் போட்டிருந்தேன். முதல் வரி வந்தது. இரண்டாம் வரியில் மூன்றாம் விரலைத் தொடாமல் தப்ப முடியாத இடம் ஒன்று இருந்தது. நான் கணக்கில் விட்டுவிட்டேன். அங்கே அபசுரம் விழுந்தது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். மறுபடி அதே இடம். மூன்றாம் முறை ஆரம்பிக்கப் போனபோது நைனா கையைத் தூக்கினார்.

"போதும்மா. வையி."

வைத்தேன்.

"எந்த வெரலு?"

காட்டினேன். படுத்தபடியே என் சுண்டுவிரலைப் பிடித்து, அப்படியும் இப்படியும் திருப்பி, நகத்தைப் பார்த்து, கணுவை அமுக்கிப் பார்த்தார். கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தவர். எங்கே வயர் விட்டிருக்கிறது என்று தேடுகிற பார்வை அது.

"நல்லாத்தானே கீது?"

"நல்லாத்தான் கீது நைனா. வயலின் வாசிச்சா மட்டும் மடங்கிக்குது."

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க."

"எனக்கும் அதான் சொல்லிக்கிறாங்க" என்றார். சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். கொஞ்சம் ஆறினதும், "ஒரு வருசமா ஒரே சத்தத்த கேட்டுக்கினு கீறேன். கதவச் சாத்திக்கினு வில்ல மட்டும் இஸ்துக்கினு இருந்த. எனக்கு சங்கீதம் தெரியாதுதான், காது கேக்காதா?" என்றார். நான் அழுதேன். அவர் என் விரலை விடவில்லை. அப்படியே தூங்கிப்போனார்.

அடுத்த வாரம் போய்விட்டார். அடக்கத்துக்கு ஆர்கெஸ்ட்ராவிலிருந்து பதினோரு பேர் திருப்பதியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். டீச்சரும் வந்தார். அவர்களில் முக்கால்வாசிப் பேர் கிறிஸ்தவ அடக்கத்தையே பார்த்ததில்லை. எங்கே செருப்பைக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றார்கள். ஐயர், அதாவது எங்கள் சர்ச் பாதிரியார், என்னிடம் வந்து, "நைனாவுக்காக ஒரு பாட்டு நீங்க வாசிக்கிறீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். துக்கத்தில் முடியவில்லை போல என்று நினைத்துக்கொண்டிருப்பார். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அப்படியே எல்லாரையும் நினைக்க விட்டுக்கொண்டிருக்க முடியாது என்று அந்த வாரம் தோன்றியது. பதினைந்து நாள் கழித்து வந்த ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகை ஆரம்பிப்பதற்கு முன், எல்லாரையும் வாத்தியத்தைக் கீழே வைக்கச் சொன்னேன். விஷயத்தைச் சொன்னேன். விரல், வேலூர், ஊசி எல்லாவற்றையும். இனி வயலின் வாசிக்க மாட்டேன் என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன் நான் வீட்டில்கூடச் சத்தமாகச் சொன்னதில்லை. வாசிக்காத ஒருத்தி உங்களை நடத்தலாமா கூடாதா என்று நீங்களே யோசியுங்கள், மெட்ராஸில் எனக்குத் தெரிந்த நல்ல ஆட்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். டீச்சருக்குச் சொல்ல வேண்டியதையும் அங்கேயே சொல்லிவிட நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது மட்டும் வரவில்லை.

ஒரு சாப்ட்வேர்காரப் பையன் தன் வில்லின் மயிரைத் தளர்த்தி, இறுக்கி, தளர்த்திக்கொண்டிருந்தான். டீச்சர் குனிந்து நோட்ஸை ஒழுங்குபடுத்தினார். வெளியே கிரவுண்டில் கபடி ஆடுகிறவர்களின் சத்தம் கேட்டது. ஏதாவது ஆறுதல் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேனா, போகச் சொல்வார்கள் என்று பயந்தேனா, எனக்கே தெரியவில்லை. கடைசியில் பின்வரிசையிலிருந்து பல் டாக்டர் கையைத் தூக்கினார். அவருக்குக் கிளாரினெட்.

"மேடம், நெக்ஸ்ட் சண்டே க்ளினிக்ல ஒரு அப்பாயின்ட்மென்ட் மாத்தணும். ரிஹர்சல் அதே டைம்தானா?"

"அதே டைம்தான்" என்றேன்.

கோலை எடுத்தேன். எல்லாரும் வாத்தியத்தைத் தூக்கினார்கள்.